முள்புதரில் களாவைப் பிரித்தறிவது எப்படி?

கோடியக்கரை போன்ற கிழக்குக் கரையோரக் காடுகளில் களா, காரை, சங்கஞ்செடி மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் வளரும். மூன்றுக்கும் முள் உண்டு; மூன்றிலும் இலைகள் எதிரெதிரே இருக்கும். ஆகவே முள்ளைப் பார்த்ததுமே பெயர் வைத்துவிடாதீர்கள். 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸும் சிறு அளவுகோலும் போதும்.

1. இலையடுக்கு. கணுவுக்கு ஒரே இலை, மாறி மாறி இருந்தால் அது களா அல்ல. அடியிலிருந்தே மூன்று நரம்புகள் ஓடினால் இலந்தை. கசக்கினால் எலுமிச்சை மணம் வந்தால் காட்டெலுமிச்சை.

2. பால். இதுதான் முக்கியமான சோதனை. இளந்தளிரின் காம்பைக் கிள்ளுங்கள். களாவில் வெள்ளைப் பால் கசியும். காரையிலும் சங்கஞ்செடியிலும் கசியாது. பலரும் தவறுவது இங்கேதான்: கோடை நண்பகலில் முதிர்ந்த குச்சியை ஒடித்துவிட்டுப் பால் இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். காலையில், இளங்கிளையில், இரண்டு மூன்று இடங்களில் கிள்ளிப் பாருங்கள். பச்சைக்காயை நகத்தால் கீறினாலும் பால் வரும். கை கழுவும்வரை கண்ணைத் தொடாதீர்கள்.

3. முள். களாவின் முள் விறைப்பானது, கணுவில் இணையாக நிற்கும். சில முட்கள் நுனியில் கவையாகப் பிரிந்திருக்கும். சங்கஞ்செடியில் பெரும்பாலும் கணுவைச் சுற்றி நான்கு முள். இலை நுனியே குத்தும். காரையின் முள் இலைக்கக்கத்துக்கு, அதாவது காம்பு தண்டோடு சேரும் மூலைக்கு, சற்று மேலே இருக்கும். காரைக்கு இன்னொரு உறுதியான அடையாளம்: எதிரெதிர்க் காம்புகளுக்கு நடுவே லென்ஸில் தெரியும் முக்கோணச் செதில். முதிர்ந்த கிளையில் அது உதிர்ந்திருக்கும் என்பதால் நுனிக் கணுக்களிலேயே தேடுங்கள்.

4. பூவும் பழமும். களாப்பூ வெள்ளை, மணமுள்ளது, ஐந்து இதழ். மொட்டில் இதழ்கள் முறுக்கியிருக்கும். பழம் சிவந்து பின் கறுக்கும். காரைப்பழம் மஞ்சள், சங்கம்பழம் வெள்ளை. பழுக்கும் நிலைக்கேற்ப நிறம் மாறும். அதைவிடப் பழத்தின் நுனியை நம்பலாம். களாவின் சூற்பை (பூவில் பழமாக வளரும் பகுதி) புல்லிவட்டத்துக்கு (இதழ்களுக்கு வெளியே உள்ள சிறு பச்சை வளையம்) மேலே இருப்பதால் பழநுனியில் புல்லியின் தடம் இராது. காரையில் சூற்பை கீழே இருப்பதால் நுனியில் வளையத் தழும்பு தங்கிவிடும்.

5. எந்தக் களா? சிறுகளாப் பழம் சுமார் 1 செ.மீ.; வேலியிலும் தோட்டத்திலும் வைக்கும் பெருங்களாப் பழம் 1.5 முதல் 2.5 செ.மீ. வரை. ஆடு மேய்ந்த செடியில் இலை சிறுத்துப்போகும், ஆகவே இலையளவை மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்காதீர்கள்.