கோடையில் புளோரன்ஸ்: நடுப்பகலோடு மல்லுக்கட்டாதீர்கள்

"அக்னி நட்சத்திரத்தையே பார்த்தவர்கள் நாம், இத்தாலி வெயில் என்ன செய்துவிடப் போகிறது?" என்ற தெம்போடு ஜூலை மாதம் புளோரன்ஸில் போய் இறங்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. முதல் தவறு அந்தத் தெம்புதான். எண்ணை வைத்துப் பார்த்தால் நமக்கு மலைப்பாக இருக்காது: அங்கே கோடையில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டுவது வழக்கம், சில நாட்களில் 40-ஐ எட்டிப் பார்க்கும். ஆனால் நம் ஊரில் மதியம் ஒரு மணி வெயிலில் யாரும் கல்தரையில் மூன்று நான்கு கிலோமீட்டர் நடப்பதில்லை. புளோரன்ஸின் பழைய நகரமோ நடந்தே பார்க்க வேண்டிய ஊர். சுற்றிலும் குன்றுகள், நடுவில் அர்னோ ஆறு. அந்தப் பள்ளத்தில் காற்று நகர மறுக்கும். பெரிய சதுக்கங்கள் பலவற்றில் ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. ஜூன் கடைசியில் சூரியன் மறைவதற்கே இரவு 9 மணி ஆகிவிடும். அதற்குப் பிறகும் பகலெல்லாம் வாங்கிய சூட்டைச் சுவர்கள் திருப்பித் தந்துகொண்டே இருக்கும்.

இதைக் கேட்டுப் பயணத்தையே கைவிட வேண்டாம். நாளை எப்படிப் பிரிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒன்பது மணிக்குக் காலை உணவு, பத்தரைக்குக் கிளம்புதல், மாலை ஐந்துக்கு அறைக்குத் திரும்புதல் என்று திட்டமிடுபவர்கள் நகரத்தின் மிக மோசமான ஆறரை மணி நேரத்தைத் தேடிப் பிடித்து வெளியே நிற்கிறார்கள். காலை ஏழு மணிக்கே தெருவில் இருங்கள். பழைய பாலமான போன்டே வெக்கியோவில் அப்போது நகைக்கடைகள் மரக்கதவு மூடிக் கிடக்கும், கூட்டம் இருக்காது. 1345-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பாலத்தை அதன் உருவத்துக்காகவே நிதானமாகப் பார்க்கலாம். இறைச்சிக் கடைகளின் நாற்றம் தாங்காமல் 1593-இல் ஆட்சியாளர் ஃபெர்டினாண்டோ அவற்றை அகற்றிப் பொற்கொல்லர்களைக் குடியேற்றினார். அன்று தொடங்கியது அங்கே தங்க வியாபாரம். பதினொரு மணிக்கு அதே பாலத்தில் நடப்பது தீபாவளிக்கு முந்தைய நாள் ரங்கநாதன் தெருவில் நடப்பது போலத்தான்.

ரோமில் தங்கிக்கொண்டு புளோரன்ஸை ஒரே நாளில் முடித்துவிடும் திட்டமும் இந்தக் கணக்கில்தான் தோற்கிறது. அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரப் பயணம்தான், சாத்தியமில்லை என்று சொல்லவில்லை. ஆனால் பத்து மணிக்கு வந்து ஆறு மணிக்கு ரயில் பிடிப்பவருக்குக் கிடைப்பது நடுப்பகல் மட்டும். இரண்டு இரவாவது அங்கேயே தங்குங்கள்.

அடுத்தது டிக்கெட். உஃபீசி கலைக்கூடமும், சிற்பி மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலை நிற்கும் அக்காதேமியா அருங்காட்சியகமும் திங்கட்கிழமை விடுமுறை. சனி, ஞாயிறு, திங்கள் என்று வந்து கடைசி நாளுக்கு உஃபீசியை ஒதுக்கி வைத்து ஏமாந்து நிற்பவர்களை வாசலில் பார்க்கலாம். மாதத்தின் முதல் ஞாயிறு இலவச அனுமதி என்று கேள்விப்பட்டு அன்றைக்குப் போவதும் கோடையில் வேண்டாத வேலை. மிச்சமாகும் யூரோக்களை வெயில் வரிசையில் வியர்வையாகச் செலுத்திவிடுவீர்கள். இரண்டுக்கும் நேரம் குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே, அருங்காட்சியகங்களின் சொந்த இணையதளத்தில் வாங்குங்கள். தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் இடைத்தரகர்களின் தளங்கள். அதே டிக்கெட், விலை மட்டும் கூடுதல்.

டேவிட் பற்றி ஒரு வார்த்தை. சிஞ்ஞோரியா சதுக்கத்தில் நிற்கும் நகலோடு படம் எடுத்துக்கொண்டு, "பார்த்தாயிற்று" என்று நகர்ந்துவிடுபவர்கள் பலர். அசல் சிலை 1873-இலேயே அக்காதேமியாவுக்குப் போய்விட்டது. சதுக்கத்தில் இருப்பது 1910-இல் வைத்த பிரதி. அசலுக்குப் போகும் நடைக்கூடத்தில் இருபுறமும் மைக்கேலாஞ்சலோ முடிக்காமல் விட்ட கைதிகளின் சிலைகள் இருக்கின்றன. தோளும் தொடையும் பளிங்கை விட்டு வெளியே வந்திருக்க, தலை இன்னும் பாறைக்குள்ளேயே சிக்கியிருக்கும். பக்கத்தில் போனால் உளியின் பல் கீறிய வரிகள் தெரியும். எல்லோரும் டேவிட்டை நோக்கி விரையும்போது அங்கே ஐந்து நிமிடம் நில்லுங்கள். என்னைக் கேட்டால் டிக்கெட் காசு அங்கேயே தேறிவிடும்.

நகரின் பெருங்கோயிலான துவோமோ தேவாலயத்தில் நடக்கும் தவறு வேறு வகை. உள்ளே போகக் கட்டணம் இல்லை. அதனால் வெயிலில் நீண்ட வரிசை. வெளிப்புறத்தின் பச்சை, வெள்ளை, இளஞ்சிவப்புப் பளிங்கைப் பார்த்து உள்ளேயும் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். உட்புறம் வெறிச்சென்று இருக்கும். அந்த மணி நேரத்தைக் கோயிலுக்குப் பின்னால் உள்ள அதன் அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். ஞானஸ்நான மண்டபத்தில் கூட்டம் முண்டியடித்துப் படம் எடுக்கும், சிற்பி கிபெர்ட்டியின் பொற்கதவுகள் நகல். 27 ஆண்டு உழைப்பில் 1452-இல் முடிந்த அசல் கதவுகள் இந்த அருங்காட்சியகத்தில் உள்ளன. மைக்கேலாஞ்சலோ முதுமையில் செதுக்கிய பியெத்தாவும், அதாவது இறந்த இயேசுவைத் தாங்கும் சிலையும், இங்கேதான். மதியம் ஒரு மணிக்கு இதைவிட நல்ல இடம் அந்த ஊரில் இல்லை.

பெருங்கோயிலின் குவிமாடத்தில் ஏறுவதென்றால் காலையின் முதல் வேளைக்கு முன்பதிவு செய்யுங்கள். 463 படிகள், லிஃப்ட் கிடையாது. 1436-இல் கட்டடக் கலைஞர் புரூனெலெஸ்கி முடித்த அந்தக் குவிமாடம் உண்மையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஓடுகள். படிகள் அவற்றின் நடுவே போகின்றன. முதலில் குவிமாடத்தின் அடியில் ஒரு நடைபாதையில் வெளியே வருவீர்கள். தலைக்கு மேல் வசாரி தொடங்கி சுக்காரி முடித்த இறுதித் தீர்ப்பு ஓவியம், நரகத்துப் பேய்கள் உட்பட. அதற்குப் பிறகு வழி குறுகும். ஒருபக்கச் சுவர் உங்கள் மேல் சாயும், முதுகை வளைத்து ஏற வேண்டும், காற்றுக்குச் சிறு துவாரங்கள் மட்டும். வியர்த்து வழிகிற முப்பது பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் பாதியில் திரும்புவது எளிதல்ல. மூட்டு வலி, இதயக் கோளாறு, அடைபட்ட இடம் என்றால் பயம் உள்ளவர்கள் கௌரவம் பார்க்க வேண்டாம். பக்கத்தில் இருக்கும் ஜோத்தோவின் மணிக்கோபுரத்திலும் 414 படிகள் உண்டு, ஆனால் இடையிடையே நின்று மூச்சு வாங்கத் தளங்கள் இருக்கின்றன. மேலும், குவிமாடத்தின் உச்சியில் நின்றால் குவிமாடம் தெரியாது. மணிக்கோபுரத்திலிருந்து அது முழுதாகத் தெரியும்.

தேவாலயங்களுக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். நம் சுடிதாரும் வேட்டியும் இதற்குத் தாராளமாகப் போதும்; அரைக்கால் சட்டைக்காரர்கள்தான் வாசலில் திருப்பி அனுப்பப்படுவார்கள். சிறிய தேவாலயங்கள் பல மதியம் மூடிவிடும், ஞாயிறு காலை வழிபாட்டுக்கு உரியது.

தண்ணீருக்காகக் காசு செலவழித்துக்கொண்டே இருப்பது இன்னொரு தவறு. அங்கே குழாய்த் தண்ணீர் குடிக்கத் தக்கது. காலி பாட்டில் ஒன்றை வைத்திருந்தால் போதும். சிஞ்ஞோரியா சதுக்கத்திலேயே நெப்டியூன் நீரூற்றுக்கு அருகில் குடிநீர்க் குழாய் உண்டு. நீரூற்றில் கால் நனைக்க ஆசைப்பட்டால் அபராதம். அதே சதுக்கத்தின் ஓரத்தில் லோஜியா என்ற திறந்த மண்டபத்தில் சிற்பி செல்லினியின் வெண்கலச் சிலையாக, கிரேக்கப் புராண வீரன் பெர்சியஸ் அரக்கி மெடூசாவின் தலையைத் தூக்கிப் பிடித்து நிற்கிறான். கட்டணமும் இல்லை, நல்ல நிழல்.

உணவில் சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தொடக்கத் தட்டில் வறுத்த ரொட்டித் துண்டின் மேல் பழுப்பு நிறத்தில் துவையல் போல ஏதோ தடவி வரும். அது கோழி ஈரல். பார்மீஜானோ பாலாடைக்கட்டியும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால் உறையவைக்கப்படுவது, எனவே கறாரான சைவர்கள் தூவ வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது. கோடைக்கென்றே அங்கே ஒரு உணவு இருக்கிறது, பான்சனெல்லா: காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, தக்காளி, வெங்காயம், வெள்ளரி, துளசி இனத்து இலை, வினிகர், ஆலிவ் எண்ணெய் சேர்த்துப் பிசைந்து குளிரக் குளிரத் தருவார்கள். வெயிலில் சுற்றி வந்த வயிற்றுக்கு இதமானது. ரொட்டியில் உப்பே இல்லையே என்று புகார் சொல்லாதீர்கள். புளோரன்ஸ் இருக்கும் தஸ்கனி பகுதியின் ரொட்டி அப்படித்தான். அசைவர்கள் புகழ்பெற்ற மாட்டிறைச்சி ஸ்டேக்கைக் கேட்பதற்கு முன், பட்டியலில் உள்ள விலை 100 கிராமுக்கா, கிலோவுக்கா, முழுத் துண்டுக்கா என்று பாருங்கள். ஒரு துண்டே ஒரு கிலோ எடை வரும். பில்லில் ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ கூடுதலாக இருந்தால் அது ஏமாற்று அல்ல, மேசைக்கும் ரொட்டிக்குமான வழக்கமான கட்டணம். காபியை நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை.

ஜெலாத்தோ என்ற இத்தாலிய ஐஸ்கிரீமைக் கடையில் மலைபோலக் குவித்து, பளிச்சென்று நிறமேற்றி வைத்திருந்தால் நகர்ந்துவிடுங்கள். பிஸ்தா மங்கிய பச்சையாக, கிட்டத்தட்டப் பழுப்பாக இருக்க வேண்டும். நல்ல கடைகள் பலவற்றில் பண்டமே கண்ணில் படாது. மூடி போட்ட உலோகக் குடுவைகளில் இருக்கும்.

தங்குமிடத்தில் ஏ.சி. இருக்கிறதா என்று கேளுங்கள். ஓட்டுக்கூரைக்கு நேர் கீழே உள்ள மாடி அறை படத்தில் அழகாகத்தான் இருக்கும், ஜூலையில் அடுப்பு. பகலில் உள்ளூர்க்காரர்களைப் போல மரச் சன்னலைச் சாத்தி வையுங்கள். கொசு உண்டு, வலைதான் பல வீடுகளில் இல்லை. ஐரோப்பாவில் ஏது கொசு என்று மருந்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள் முதல் இரவிலேயே மருந்துக்கடையைத் தேடுவார்கள்.

நாள் பார்க்கவும் வேண்டும். ஜூன் 24 நகரக் காவல் புனிதர் யோவானின் திருநாள்; சாந்தா குரோசே சதுக்கத்தில் மணல் கொட்டிப் பழங்காலக் கால்பந்து, இரவில் வாணவேடிக்கை. அதைப் பார்க்கவே வரலாம், அமைதி தேடி அன்று வரக் கூடாது. ஆகஸ்ட் 15 இத்தாலி முழுவதற்கும் விடுமுறை, அதை ஒட்டிக் குடும்பங்கள் நடத்தும் நல்ல உணவகங்கள் பல வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும்.

மாலையில் எல்லோரும் ஏறும் மைக்கேலாஞ்சலோ மேட்டைத் தாண்டி இன்னும் சற்று ஏறினால் சான் மினியாத்தோ தேவாலயம் வந்துவிடும். அதே காட்சி, கூட்டம் குறைவு. புழுக்கம் பொறுக்கவில்லையென்றால் 7-ஆம் எண் நகரப் பேருந்து ஃபியேசோலே குன்றுக்குப் போகிறது. அங்கே ரோமானிய அரங்கு இருக்கிறது, காற்றும் வீசும். வாடகைக் காரில் மட்டும் பழைய நகருக்குள் நுழைந்துவிடாதீர்கள். அனுமதியில்லாத வண்டிகளின் எண்ணைக் கேமராக்கள் குறித்துக்கொள்ளும். அபராதக் கடிதம் வந்து சேர்வது பல மாதங்கள் கழித்து. காரைப் புறநகர் டிராம் நிலையத்தில் விட்டுவிட்டு வருவது மலிவு.