முதலாளிக்குக் கடைசியாகத் தெரியும் செய்தி

தொழிலில் நல்ல தலைவராக இருக்க என்ன குணம் வேண்டும் என்று கேட்டால் தொலைநோக்கு, துணிச்சல், விடாமுயற்சி என்று அடுக்குவார்கள். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் வடசென்னையில் வியாசர்பாடி, கொடுங்கையூர், திருவொற்றியூர் பக்கம் பத்து இருபது பேரை வைத்துப் பட்டறையோ கடையோ நடத்துகிறவர்களிடம் நான் முதலில் கவனிப்பது ஒன்றைத்தான்: கெட்ட செய்தி அவர் காதுக்கு எப்போது வருகிறது? அன்றைக்கே வந்தால் அந்த இடம் பிழைத்துக்கொள்ளும். சரக்கு திரும்பி வந்த பிறகுதான் தெரிகிறது என்றால், மற்ற குணங்கள் இருந்தும் பெரிய பயன் இல்லை. கீழே சொல்லியிருக்கும் தவறுகள் எல்லாமே செய்தி வருகிற அந்த வழியை அடைத்துவிடுபவை.

சொன்னவரையே திட்டுவது

ஒரு லேத் பட்டறையில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். 200 புஷ் (தண்டு நுழையும் உருளை வடிவ உலோகத் துண்டு) ஆர்டர். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் டூல் மாற்றிப் போட்டதில் உள்விட்டம் இம்மியளவு பெரிதாகிவிடுகிறது. ஆபரேட்டர் கேஜ் என்ற அளவுகருவியைப் போட்டுப் பார்க்கிறார், உள்ளே போகவே கூடாத நோ-கோ பக்கம் வழுக்கிக்கொண்டு போகிறது. மெஷினை நிறுத்திவிட்டு வந்து, "அண்ணா, நாலு பீஸ் அளவு தப்பிடுச்சு" என்கிறார். ஓனர் அப்போதுதான் ஆர்டர் கொடுத்த பார்ட்டியிடம் போனில் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். "கண்ணு எங்க வெச்சிருந்த? உன் சம்பளத்துல பிடிச்சாதான் புத்தி வரும்" என்று நாலு பேர் முன்னால் கத்திவிடுகிறார்.

அடுத்த முறை அந்த நாலு பீஸ் டிரேயின் அடியில் போய்விடும். மேலே நல்ல பீஸாக அடுக்கி, எண்ணெய் தடவி, டெலிவரி. பார்ட்டி இடத்தில் சோதனையில் ஒன்று மாட்டினால் போதும், 200 பீஸும் திரும்பி வரும். ஏற்றி இறக்கும் வண்டிக்கூலி, திரும்ப ஒவ்வொன்றாக அளந்து பிரிக்கும் கூலி, அடுத்த ஆர்டருக்கான சந்தேகம், எல்லாம் அந்த ஒரு கத்தலின் செலவு. ஓனர் மட்டும் "என்கிட்ட யாருமே சொல்லலையே" என்று புலம்புவார். சொன்ன அன்று என்ன கிடைத்தது என்பது பட்டறையில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

அந்த நேரத்தில் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள். மெஷினை நிறுத்தியாச்சா? எந்த பீஸிலிருந்து தப்பியது? மற்றதெல்லாம் சாயங்காலம் பேசலாம். பேசும்போது ஆளை விட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். மூன்று மெஷினுக்கு ஒரே கேஜா? டூல் மாற்றிய பிறகு முதல் பீஸை யாராவது சரிபார்க்கிறார்களா? பெரும்பாலும் பதில் அங்கேதான் இருக்கிறது. தெரிந்தே அலட்சியம் செய்கிறவரைக் கண்டிக்கத்தான் வேண்டும், ஆனால் தானாக வந்து சொன்னவரைக் கண்டிக்கிற நாள் அது அல்ல.

இந்த வழி அடைபட்டால் எங்கே போய் முடியும் என்பதற்கு வடசென்னையிலேயே நூறு வருடத்துக்கு மேற்பட்ட சான்று இருக்கிறது. பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் துணி ஆலைகளில் வேலை செய்தவர்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம் போதவில்லை என்பது பெரிய குறை. மேஸ்திரிகள் நடத்தும் விதம் இன்னொரு குறை. ஆலைக்குள் கேட்க ஆள் இல்லை. அந்தப் பகுதியில் தொழிலாளர்களோடு பழகிவந்த செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்ற இரண்டு சிறு வணிகர்களிடம் போய்ச் சொன்னார்கள். அந்த வணிகர்கள் அன்னி பெசன்ட்டோடு பணியாற்றிய பி.பி. வாடியாவைத் தேடிப் போனார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது, திரு.வி.க.வும் சேர்ந்தார். இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் தொடக்கம் என்று இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். சங்கம் உருவானது நல்லதுதான், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. நிர்வாகத்தின் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள்: தன் ஆட்களுக்குச் சாப்பிட நேரம் போதவில்லை என்பது ஆலையை நடத்துகிறவர்களைவிட அக்கம்பக்கத்து வியாபாரிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

கேமராவில் நிர்வாகம் செய்வது

இது இப்போது வந்த வியாதி. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளில் தொடங்கி பாரிமுனை மொத்தக் கடைகள் வரை, ஓனர் வீட்டிலிருந்து செல்போனில் சிசிடிவி பார்க்கிறார். யாராவது ஒரு நிமிடம் சாய்ந்து நின்றால் உடனே கடைக்கு போன். திருட்டைத் தடுக்கக் கேமரா தேவைதான். ஆனால் கேமராவில் நிற்பது தெரியும், ஏன் நிற்கிறார் என்பது தெரியாது. கால் வீங்கியிருக்கலாம். கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாடு அரசு கடைகள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்துவிட்டது. ஸ்டூல் போடாமல் கேமரா மட்டும் போட்டவரிடம், கஸ்டமர் எந்த டிசைனைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறார் என்று யாரும் வலியப் போய்ச் சொல்ல மாட்டார்கள்.

பண விஷயத்தில் மறைப்பது

செய்தி இரண்டு பக்கமும் ஓட வேண்டும். பெரிய கம்பெனியிடமிருந்து பணம் வரவில்லை, சம்பளம் தாமதமாகும் என்றால் அதை 1-ஆம் தேதியே கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும். சட்டப்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கையில் சேர வேண்டும். 8-ஆம் தேதி போனை அணைத்து வைத்துவிட்டு 12-ஆம் தேதி வந்து நிற்கிற முதலாளியை அதற்கப்புறம் யார் நம்புவார்கள்? வாடகை, பள்ளிக்கூட ஃபீஸ், வட்டி என்று ஒவ்வொருவரும் அந்தத் தேதியை நம்பி வாக்குக் கொடுத்திருப்பார்கள்.

இதைவிட மோசமானது பிஎஃப் விஷயம். சம்பளத்தில் 12 சதவீதம் பிடித்துக்கொண்டு, அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டாமல் அதை வைத்தே மூலப்பொருள் வாங்குவது. "ரெண்டு மாசத்துல கட்டிடலாம்" என்றுதான் ஆரம்பிக்கும். சட்டம் இதை நம்பிக்கை மோசடியாகவே பார்க்கிறது. தொழிலாளியும் செல்போனில் பாஸ்புக்கைப் பார்க்கிறார், எந்த மாதம் விழவில்லை என்பது அவருக்குத் தெரிகிறது. தெரிந்தும் உங்களிடம் கேட்காமல் இருக்கிறார் என்றால் அவர் ஏற்கெனவே வேறு வேலை தேட ஆரம்பித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

வரவேண்டிய பணத்தைக் கேட்கத் தயங்குவதும் தலைவரின் குறைதான். உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பதிவு செய்த சிறு உற்பத்தியாளருக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்கிறது சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம். பார்ட்டி கோபித்துக்கொள்வாரோ என்று பயந்து கேட்காமல் இருந்துவிட்டு, அந்தப் பயத்தின் சுமையை ஆட்களின் சம்பளத்தில் இறக்கி வைப்பது நியாயமில்லை.

எல்லாச் சாவியும் தன்னிடமே

காசிமேட்டு விசைப்படகு ஓனர்களிடம் கற்றுக்கொள்ள ஒரு விஷயம் உண்டு. படகு பல நாள் கடலில் இருக்கும். வலையை எங்கே விடுவது, காற்று மாறினால் திரும்புவதா என்பதைப் படகில் இருக்கும் டிரைவர்தான் முடிவு செய்கிறார். ஓனர் டீசல், ஐஸ் போட்டு அனுப்புகிறார். ஏலம் முடிந்து செலவு கழித்ததும் எல்லோருக்கும் பங்கு. லாபத்தில் பங்கு இருப்பதால் இன்றைக்குப் பாடு (மீன் வரத்து) சரியில்லை என்பதை மறைக்கவும் யாருக்கும் தேவை இல்லை. கரையில் பட்டறை வைத்திருப்பவரோ 300 ரூபாய் டிரில் பிட் வாங்கக்கூடத் தன்னைக் கேட்க வேண்டும் என்கிறார். அப்புறம் அவர் கல்யாணத்துக்கு வெளியூர் போனால் வேலை நிற்கிறது. படித்துவிட்டு வந்த பிள்ளையை நேராக ஃபோர்மேன் தலைக்கு மேல் உட்காரவைப்பதும் இதே வகைதான். முதல் ஒரு வருடம் ஃபோர்மேனுக்குக் கீழே வேலை பார்க்கட்டும்.

குறைகளை அலுவலகத்தில் உட்கார்ந்து கேட்பது

திருவொற்றியூர் என்றால் பலருக்கு புல்லட் மோட்டார் சைக்கிள் செய்யும் என்ஃபீல்ட் ஞாபகம் வரும். 1955-ல் தொடங்கிய கம்பெனி, 1994-ல் டிராக்டர், லாரி செய்துவந்த ஐஷர் கைக்குப் போனது. 2000 வாக்கில் நஷ்டம் தாங்காமல் மூடிவிடலாமா, விற்றுவிடலாமா என்ற நிலை. ஐஷர் முதலாளி குடும்பத்துப் பிள்ளை, அப்போது இருபதுகளில் இருந்த சித்தார்த்த லால் அவகாசம் கேட்டுப் பொறுப்பை ஏற்றார். எஞ்சின் பிடித்துக்கொள்கிறது, ஆயில் ஒழுகுகிறது, மின்கோளாறு என்று வாடிக்கையாளர் புகார்கள் குவிந்து கிடந்தன. வண்டியின் பெயருக்கு ரசிகர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி அதை ஒதுக்கிவிட்டிருக்கலாம். அவர் அந்த வண்டிகளை எடுத்துக்கொண்டு தானே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டினார். பழைய எஞ்சினை மாற்றும் வேலை வருடக்கணக்கில் நடந்தது. டிராக்டர் தொழிலை 2005-ல் டாஃபே (TAFE) என்ற சென்னை டிராக்டர் கம்பெனியிடம் விற்றது உட்பட, ஐஷர் கையில் இருந்த பல தொழில்களை விட்டுவிட்டுச் சிலவற்றில் மட்டும் கவனம் வைத்தார்கள். துணிச்சல் என்று எல்லோரும் பாராட்டுவது இதைத்தான். அதற்கு முன்னால் அவர் புகாரை வண்டி மேல் உட்கார்ந்து கேட்டார் என்பது எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

உங்கள் இடத்தில் தொடங்க இவ்வளவு தூரம் போக வேண்டாம். சனிக்கிழமை வேலை முடிகிற நேரத்தில் பத்து நிமிடம் நின்று, "இந்த வாரம் எங்க கஷ்டமா இருந்துச்சு?" என்று கேளுங்கள். வயதில் சின்ன ஹெல்ப்பரிடம் முதலில் கேளுங்கள், மேஸ்திரி பேசிய பிறகு அவர் வாய் திறக்க மாட்டார். முதல் சில வாரம் "ஒண்ணுமில்ல சார்" என்றுதான் வரும். அப்புறம் யாராவது, பின்பக்க ஃபேன் ஓடவில்லை, பாத்ரூம் குழாய் ஒழுகுகிறது என்று சின்னதாக ஒன்றைச் சொல்லிப் பார்ப்பார்கள். அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அளவு தப்பிய பீஸைப் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம்தான் வரும்.