தேதி இல்லாத கப்பல்: போர்க்கப்பல் மாதிரிகள் கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போர்க்கப்பல் மாதிரி கட்டுவதில் புதிதாக இறங்கியவர்கள் தங்கள் வேலையைக் காட்ட வரும்போது, பசைக் கறையையும் பெயிண்ட் வழிந்த இடத்தையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கை பழகப் பழக அவை தாமாகவே குறைந்துவிடும். கை எவ்வளவு தேர்ந்தாலும் சரியாகாத தவறுகள் வேறு சில உண்டு. நாங்கள் பணத்தையும் பொழுதையும் இழந்து கற்றுக்கொண்ட அதே தவறுகளைப் புதியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

எந்தத் தேதி என்று தீர்மானிக்காமல் வேலையைத் தொடங்குவது

கப்பலின் பெயரை மட்டும் முடிவு செய்துகொண்டு பெட்டியைத் திறப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் அதிகச் செலவு வைக்கும் தவறு. போர்க்கப்பல் ஒருமுறை கட்டி முடித்து அப்படியே விடப்படும் பொருள் அல்ல. பழுதுபார்ப்புக்காகக் கப்பல் தளத்துக்குள் சென்று திரும்பும்போதெல்லாம் அதன் பீரங்கிகள் மாறுகின்றன, ராடார்கள் கூடுகின்றன, படகுகள் குறைகின்றன, சில நேரங்களில் நிறமே வேறாகிவிடுகிறது. ஆகவே ஒரு பெயருக்குள் பல கப்பல்கள் இருக்கின்றன. அவற்றுள் எதைக் கட்டுகிறோம் என்பதைச் சொல்வது தேதி மட்டுமே.

ஜப்பானின் யமாட்டோ 1941 டிசம்பரில் கடற்படையில் சேர்ந்தபோது, 155 மி.மீ. பீரங்கிகள் மும்மூன்றாகப் பொருத்தப்பட்ட கோபுரங்கள் அதில் நான்கு இருந்தன. 1944-இன் தொடக்கத்தில் பக்கவாட்டுக் கோபுரங்கள் இரண்டும் அகற்றப்பட்டு, 127 மி.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கிகள் 12-இலிருந்து 24 ஆக உயர்த்தப்பட்டன. அதன் சகோதரக் கப்பலான முசாஷியிலும் அதே ஆண்டில் பக்கவாட்டுக் கோபுரங்கள் போயின. ஆனால் கூடுதல் 127 மி.மீ. பீரங்கிகள் அதற்குக் கிடைக்கவில்லை. காலியான இடத்தில் 25 மி.மீ. பீரங்கிகளே வைக்கப்பட்டன. 1944 அக்டோபர் 24 அன்று சிபுயன் கடலில் மூழ்கிய முசாஷி அந்த நிலையில்தான் இருந்தது.

இந்த வேறுபாடு தெரியாமல் என் நண்பர் ஒருவர் 1/350 அளவில் முசாஷியை, அதன் கடைசி நாளின் தோற்றத்தில் கட்டத் தொடங்கினார். அந்த அளவில் கப்பலின் நீளம் ஏறத்தாழ 75 செ.மீ. வரும், பல மாத வேலை. கிட்டைவிட (கப்பலின் பாகங்கள் அடங்கிய பெட்டியைவிட) அதிக விலை கொடுத்து அவர் வாங்கிய பித்தளைப் பீரங்கிக் குழல்களின் தொகுப்பில் 24 குழல்கள் இருந்தன. அட்டையின் மேல் இரண்டு கப்பல்களின் பெயரும் அச்சாகியிருந்தது. அவர் அதை நம்பினார். ஒவ்வொரு குழலையும் நேர்பார்த்து ஒட்டி, பிரைமர் அடித்து, பெயிண்ட் பூசி, சுற்றிலும் கம்பித்தடுப்புகளையும் பொருத்தி முடித்த பிறகுதான், நெடுநாளாகக் கப்பல் கட்டும் ஒருவர் பார்த்துவிட்டு, நடுப்பகுதி முழுவதும் யமாட்டோவினுடையது என்று சொன்னார். கூடுதல் பீரங்கிகளைப் பெயர்க்க நண்பர் பிளேடை அடியில் செலுத்தியபோது தளத்தின் பெயிண்ட் தகடாக உரிந்து வந்தது. அருகிலிருந்த கம்பித்தடுப்பு மடங்கியது. மெல்லிய பித்தளை ஒருமுறை மடங்கினால் மடிப்பின் தடம் போவதே இல்லை. அந்தக் கப்பல் இன்றுவரை முடிக்கப்படவில்லை.

எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு. வேலையைத் தொடங்கும் முன் ஒரு மாலை நேரம் படங்களோடு உட்கார்ந்திருந்தால் இந்த இழப்பு முழுவதையும் தவிர்த்திருக்கலாம். இரண்டு கப்பல்களின் பெயரையும் ஓர் அட்டையில் அச்சிட்டு விற்பவர்கள் மீதும் எனக்கு வருத்தமே.

ஜெர்மனியின் பிஸ்மார்க் விஷயத்திலும் இதுவே நடக்கிறது. அதன் பக்கங்களில் இருந்த கறுப்பு வெள்ளைப் பட்டைகள் பார்வைக்கு எடுப்பானவை என்பதால் எல்லோரும் அவற்றையே வரைய விரும்புகிறார்கள். அந்தப் பட்டைகள் 1941 மே 21 அன்று, கப்பல் நோர்வேயின் பெர்கன் அருகே நங்கூரமிட்டிருந்தபோது சாம்பல் நிறத்தால் மூடப்பட்டுவிட்டன. அதனோடு நடந்த சண்டையில் பிரிட்டனின் ஹூட் மூழ்கியது மே 24 அன்று. ஆகவே பட்டைகளோடு ஹூட்டை நோக்கிச் சுடும் பிஸ்மார்க் எந்த நாளிலும் இருந்ததில்லை. எதிரே நிற்கும் ஹூட்டில் 1940-லேயே அகற்றப்பட்ட 5.5 அங்குலப் பீரங்கிகளையும் வைத்துவிட்டால், ஒரே டையோரமாவில் (காட்சியமைப்பில்) இரண்டு கப்பல்களும் தவறாகிவிடுகின்றன. அமெரிக்காவின் ஃபிளெட்சர் வகை நாசகாரிக் கப்பல்களிலும் கவனம் தேவை. அவ்வகையில் 175 கப்பல்கள் கட்டப்பட்டன. முதலில் வந்தவற்றின் பிரிட்ஜ் (கப்பலை இயக்கும் மேடை) முகப்பு வளைந்தும் பின்னர் வந்தவற்றில் தட்டையாகவும் இருக்கும். எண்ணுக்கான டெகாலை (ஒட்டுப்படத்தை) மட்டும் மாற்றிவிட்டு வேறொரு கப்பலின் பெயரைச் சூட்ட முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். தேதியைத் தீர்மானித்துப் பெட்டியின் மூடியிலேயே எழுதிவிடுங்கள். அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் மிக அருகில் எடுக்கப்பட்ட படங்களைத் தேடுங்கள். கிட்டோடு வரும் செய்முறைத் தாளை அவற்றோடு ஒப்பிட்டு, ஒதுக்க வேண்டிய பாகங்களைப் பென்சிலால் அடியுங்கள். கூடுதல் தொகுப்புகளை அதன் பிறகே வாங்குங்கள். கறுப்பு வெள்ளைப் படங்களை வைத்து நிறத்தை ஊகிக்க வேண்டாம். அக்காலத்தின் சில வகை ஃபிலிம்களில் சிவப்பு கறுத்தும் நீலம் வெளுத்தும் பதியும். ஐயம் எழுந்தால் மூத்தவர்களிடம் கேளுங்கள். “இந்தக் கப்பல் எப்படி இருந்தது?” என்ற கேள்விக்கு அவர்களால் விடை சொல்ல இயலாது, “இந்த மாதத்தில் இந்தப் பீரங்கி இருந்ததா?” என்று கேட்டால் படத்தையே எடுத்துக் காட்டுவார்கள்.

கப்பலுடலின் முறுக்கைக் கவனிக்காமல் விடுவது

நீளமான பிளாஸ்டிக் உடல் பெட்டிக்குள்ளேயே சற்று வளைந்திருக்கக்கூடும். மேல்தளத்தை ஒட்டும் முன்பே அதைத் தட்டையான கண்ணாடியின் மேல் வைத்துப் பார்த்து, உள்ளே குறுக்குத் தடுப்புகள் கொடுத்து நிமிர்த்த வேண்டும். நீர்மட்டக் கோட்டைக் கண்ணளவில் வரையக் கூடாது. உடலைச் சமமாக நிறுத்தி, சரியான உயரமுள்ள கட்டையின் மேல் பென்சிலைக் கட்டி, அந்தக் கட்டையைச் சுற்றிலும் நகர்த்தினால் கோடு தானாக விழும். முறுக்கு இருந்தால் அந்தக் கோடே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கம்பித்தடுப்புகளை முன்னதாக ஒட்டுவது

மற்ற எல்லாம் முடிந்த பிறகே ஒட்டுங்கள்.

அளவை மறந்து அழுக்கும் துருவும் பூசுவது

1/700 அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது உண்மையில் 70 செ.மீ. நங்கூரத் துளையிலிருந்து ஒரு மி.மீ. அகலத்தில் இறக்கும் துருக்கோடு, உண்மைக் கப்பலில் கதவளவு அகலமாகிவிடும். கொடிமரக் கம்பிகளுக்கும் இதே கணக்குத்தான்: 0.1 மி.மீ. தடிமனுள்ள நூல் 7 செ.மீ. தடிமனுள்ள வடமாகிறது, பருத்தி நூலாக இருந்தால் அதன் இழைப்பிசிறும் சேர்ந்துகொள்கிறது. நூலுக்குப் பதிலாக, ஸ்ப்ரூவை (பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்தை) மெழுகுவத்திச் சுடருக்கு மேல் காட்டி, இளகியதும் வெளியே எடுத்து ஒரே சீராக இழுத்துப் பழகுங்கள். வேகமாக இழுத்தால் இழை மெலியும், மெதுவாக இழுத்தால் தடிக்கும். வேண்டிய தடிமன் கைக்கு வரச் சில நாட்கள் ஆகும், ஆனால் அதன் பிறகு நூலைத் தொட மனம் வராது.

பளபளப்பாக விட்டுவிடுவது

கடைசிப் பூச்சு மங்கலானதாகவே இருக்க வேண்டும். டெகாலுக்கு அடியில் மட்டும் பளபளப்பு தேவை.

கடலில் ஓடும் கப்பலைத் துறைமுகக் கொடிகளோடு காட்டுவது

அலையைக் கிழித்து நுரை தள்ளும்படி கடலைச் செய்துவிட்டு, கப்பலின் முன்முனையில் சிறிய ஜாக் கொடியையும் பின்முனையில் தேசியக் கொடியையும் நட்டுவிடுகிறார்கள். அமெரிக்கக் கடற்படையில் ஜாக் கொடி கப்பல் நங்கூரமிட்டோ கரையில் கட்டப்பட்டோ இருக்கும்போது பறப்பது. கப்பல் புறப்பட்டதும் அது இறக்கப்பட்டு, தேசியக் கொடியும் கொடிமரத்தின் சாய்கழிக்கு மாறிவிடும். பக்கவாட்டில் இறக்கிய ஏணியும் துறையில் நிற்கும் கப்பலுக்கே உரியது. கடலைச் செய்யத் தொடங்கும் முன், கப்பல் ஓடுகிறதா நிற்கிறதா என்பதையும் பெட்டி மூடியில் தேதிக்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.