வலைப்பக்கத்துக்கு நிறம் எடுக்க பிரவுசரே போதும்

என் முதல் வலைப்பக்கத்தில் வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் நிறத்தில் எழுத்து போட்டிருந்தேன். என் கம்ப்யூட்டர் திரையில் பார்க்க அவ்வளவு நறுவிசாக இருந்தது. மறுநாள் வெயிலில் நின்றுகொண்டு போனில் அதே பக்கத்தைத் திறந்தால் வெறும் வெள்ளைத்தாள் மாதிரி இருக்கிறது, எழுத்தைத் தேட வேண்டியிருந்தது. அன்றிலிருந்து நிறம் எடுக்கும்போது கண்ணை மட்டும் நம்புவதில்லை, பக்கத்தில் ஓர் எண்ணையும் பார்த்துக்கொள்கிறேன். அந்த எண்ணைக் காட்டும் கருவி குரோம் பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது, தனியாக எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம்.

படி 1. உங்கள் பக்கத்தைக் குரோமில் திறந்து, ஏதாவது ஒரு பத்தியின் மேல் ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' கொடுங்கள். திறக்கும் பலகத்தில் 'ஸ்டைல்ஸ்' பகுதியில் எழுத்து நிறத்துக்கான வரி இருக்கும், அதன் பக்கத்தில் குட்டியாக ஒரு கலர் சதுரம். அதை அழுத்தினால் கலர் பிக்கர் திறக்கும்.

படி 2. பெரிய கட்டத்தில் பக்கவாட்டில் நகர்த்தினால் நிறத்தின் செறிவு மாறும், மேலும் கீழும் நகர்த்தினால் வெளிச்சம் மாறும். கீழே வானவில் மாதிரி இருக்கும் பட்டைதான் எந்த நிறம் என்பதைத் தீர்மானிக்கிறது. அதற்கும் கீழே இருப்பது ஹெக்ஸ் எண், அதாவது 0-9, A-F என்ற பதினாறு குறிகளால் நிறத்தை எழுதும் முறை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் இரண்டிரண்டு இடம், அவ்வளவுதான். ஒவ்வொன்றிலும் 256 படிகள் என்பதால் மொத்தம் 1,67,77,216 நிறங்கள். இதில் மவுஸை இழுத்து இழுத்துத் தேடினால் பொழுது போவதே தெரியாது, அதனால் அப்படித் தேட வேண்டாம்.

படி 3. இதுதான் முக்கியம். பிக்கரின் அடியில் 'கான்ட்ராஸ்ட் ரேஷியோ' என்று ஓர் எண் வரும். எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்சத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று சொல்வது அது. (பின்னணியில் படம் இருந்தால் பெரும்பாலும் வராது.) இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008-ல் வெளியிட்ட அணுகல்தன்மை விதிகளின்படி (பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் உட்பட எல்லோரும் பக்கத்தைப் பயன்படுத்துவதற்கான விதிகள்) சாதாரண எழுத்துக்கு இது குறைந்தது 4.5 இருக்க வேண்டும், 24 பிக்சலுக்குக் குறையாத பெரிய எழுத்துக்கு 3 போதும். வெள்ளைப் பின்னணியில் #777777 என்று தட்டிப் பாருங்கள்: 4.48, தேறாது. #767676 என்று மாற்றுங்கள்: 4.54, தேறிவிட்டது! இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்கூட எனக்கு வித்தியாசம் தெரியாது. நான் அன்று போட்டிருந்தது #999999. அதற்கு 2.85தான், வெயிலில் காணாமல் போனதில் ஆச்சரியமே இல்லை.

படி 4. இனி நிறம் எடுப்போம். எண்களுக்குப் பக்கத்தில் இருக்கும் அம்புக்குறியை அழுத்தி எச்எஸ்எல் முறைக்கு மாறிக்கொள்ளுங்கள், ஹெக்ஸை விட இது மனிதர்களுக்குப் புரியும். முதல் எண் நிறம், 0 முதல் 360 வரை, ஒரு வட்டம் மாதிரி. அடுத்தது செறிவு, அதற்கடுத்தது வெளிச்சம். உதாரணத்துக்கு #336699 என்ற நீலத்தை எடுத்தால் 210, 50%, 40% என்று காட்டும். இந்த ஒரு நிறத்தை வைத்தே முக்கால்வாசிப் பக்கத்தை முடித்துவிடலாம்: முதல் இரண்டு எண்ணையும் தொடாமல் வெளிச்சத்தை மட்டும் 95% ஆக்கினால் பின்னணிக்கு வெளிர் நீலம், 20% ஆக்கினால் எழுத்துக்கு அடர் நீலம், சுட்டிகளுக்கு (லிங்க்) பழைய 40% அப்படியே. அடர் நீலமும் வெளிர் நீலமும் சேர்ந்தால் கான்ட்ராஸ்ட் 11-க்கு மேல் வரும், சுட்டிகளுக்கும் 5-க்கு மேல் கிடைக்கிறது. புதிதாகச் செய்கிறவர்கள் ஐந்தாறு நிறங்களை அள்ளிப் போடுவதை விட இது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

சரி, பட்டன் மட்டும் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்றால்? வட்டத்தில் நேர் எதிரே போங்கள். 210-உடன் 180 கூட்டினால் 390, அதாவது ஒரு சுற்று முடிந்து 30. செறிவையும் வெளிச்சத்தையும் மாற்றாவிட்டால் கிடைப்பது #996633 என்ற பழுப்பு. எண்ணைப் பாருங்கள், நீலத்தையே திருப்பிப் போட்ட மாதிரி இருக்கிறது. அதன் மேல் வெள்ளை எழுத்து 4.88, தாராளம். ஆனால் அதே பழுப்பில் வெளிர் நீலப் பின்னணி மேல் எழுதினால் 4.3-லேயே நின்றுவிடும். பட்டனுக்கு ஆகும், பத்திக்கு ஆகாது. வட்டத்தில் நிறத்தை மாற்றும்போதெல்லாம் எண்ணைத் திரும்பப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்: எச்எஸ்எல்லில் முழு மஞ்சளுக்கும் முழு நீலத்துக்கும் வெளிச்சம் 50% என்றுதான் காட்டும், ஆனால் வெள்ளை மேல் நீலத்துக்கு 8.59, மஞ்சளுக்கோ வெறும் 1.07.

படி 5. பிக்கரில் மாற்றியதெல்லாம் அந்த நேரத்துக்கு மட்டும்தான், பக்கத்தை ரீலோட் செய்தால் எல்லாம் போய்விடும். அதனால் ஒரு நிறம் முடிவானதுமே எண்ணைக் காப்பி செய்து, பக்கத்தின் தோற்றத்தை எழுதிவைக்கும் உங்கள் சிஎஸ்எஸ் ஃபைலில் ஒட்டி சேவ் பண்ணிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். கடைசியில் மொத்தமாகச் செய்துகொள்ளலாம் என்று இருந்து, கை பழக்கத்தில் ரீலோட் செய்யும் எஃப்5 விசையைத் தட்டி அரை மணி நேர வேலையைத் தொலைத்தது ஒரு முறை அல்ல, இரண்டு முறை.