குழுவில் ஒருவர் “கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்” என்று எழுதினால்: புதிய அட்மின்களுக்கான செய்முறை விளக்கம்

தண்ணீர் லாரி எப்போது வரும், மோட்டார் ஏன் ஓடவில்லை என்று கேட்பதற்காகத் தொடங்கப்படும் வாட்ஸ்அப் குழுக்கள், பராமரிப்புக் கணக்கு என்று வந்ததும் வேறு முகம் காட்டத் தொடங்கிவிடுகின்றன. தண்டையார்பேட்டையில் ஒரு வாரியக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். “மோட்டார் ரிப்பேருக்கு வாங்கிய பணத்தில் பாதியைப் பொருளாளர் சாப்பிட்டுவிட்டார்” என்று ஒருவர் எழுதுகிறார். “இன்னொரு தடவை இப்படிப் போட்டால் மானநஷ்ட வழக்குதான்” என்று பொருளாளர் பதில் எழுதுகிறார். அதற்குப் பிறகு அந்தக் குழுவில் யாரும் கணக்குக் கேட்பதில்லை. வழக்கு வருகிறதோ இல்லையோ, மற்றவர்கள் வாய் மூடிவிடுகிறார்கள் என்பதுதான் அட்மின் கவனிக்க வேண்டிய பாதிப்பு.

படி 1: வந்திருப்பது மிரட்டல்தானா என்று பாருங்கள்

“மாடியில் இப்படிக் கட்டுவது விதிமீறல்”, “மாநகராட்சியில் புகார் கொடுக்கலாம்” என்பவை தகவல்கள். அவற்றைத் தடுக்கக் கூடாது. “நீ எழுதியதை எடுக்காவிட்டால் உன் மேல் கேஸ் போடுவேன்” என்பது மிரட்டல். “ஆள் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்” என்பதும், ஒரு பெண்ணின் படத்தை வெளியிடுவேன் என்பதும் இந்த விளக்கத்துக்குள் அடங்காதவை. அவற்றைக் குழுவில் பேசித் தீர்க்க முயலாமல், பாதிக்கப்பட்டவரை உடனே காவல் நிலையத்துக்கு அனுப்புங்கள். பெண்கள் 181 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

படி 2: அழிக்கும் முன் சேமியுங்கள்

பதற்றத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடுவதுதான் புதிய அட்மின்கள் வழக்கமாகச் செய்வது. பதிவு போட்டு இரண்டு நாள் கடந்த பிறகும் எழுதியவரே அதை அனைவருக்கும் அழித்துவிட முடியும் என்பதால், முதலில் பெயர், எண், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உரையாடலை ‘எக்ஸ்போர்ட்’ செய்து வைத்துக்கொள்ளுங்கள். மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் காட்ட, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும். ஆகவே பதிவு இருக்கும் போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். அதன் பிறகு, அட்மின்கள் மட்டும் எழுதும்படி குழுவை ஒரு நாள் பூட்டி வையுங்கள்.

படி 3: இருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள்

வழக்குத் தொடுப்பது ஒருவரின் உரிமை. அதை விட்டுவிடச் சொல்ல அட்மினுக்கு அதிகாரமில்லை. ஆனால் நீதிமன்றத்துக்குப் போகிறவர், அதே விஷயத்தைக் குழுவிலும் வாதாடிக்கொண்டிருக்க முடியாது. மிரட்டியவருக்கு இப்படி எழுதலாம்: “ஐயா, தாங்கள் வழக்குத் தொடுப்பதாக இருந்தால் அது முடியும் வரை குழுவிலிருந்து விலகியிருக்க வேண்டுகிறோம். பேசித் தீர்ப்பதாக இருந்தால், வழக்குப் பற்றிய வரியைத் தாங்களே குழுவில் திரும்பப் பெற வேண்டும்.” யார் பக்கம் நியாயம் என்று இந்தக் கட்டத்தில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாதீர்கள்.

குற்றம் சாட்டியவரை அமைதிப்படுத்தச் சில உண்மைகள் உதவும். 2024 ஜூலை 1 முதல் அவதூறு என்பது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் வருகிறது. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல் (கடின உழைப்பில்லாத சிறை), அபராதம் அல்லது சமூக சேவை தண்டனையாகலாம். ஆனால் இதில் போலீசார் தாமாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது; பாதிக்கப்பட்டவர்தான் நடுவர் நீதிமன்றத்தில் புகார் தர வேண்டும். அதேசமயம், “உண்மையைத்தானே சொன்னேன்” என்பது மட்டும் குற்ற வழக்கில் போதாது; அது பொதுநலனுக்காகச் சொல்லப்பட்டதாகவும் இருக்க வேண்டும். ‘சாப்பிட்டுவிட்டார்’ என்பதை நீக்கிவிட்டு ‘ரசீதைக் காட்டுங்கள்’ என்று எழுதினால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

படி 4: கணக்கை வெளியே கொண்டுவாருங்கள்

பல அட்மின்கள் மூன்றாம் படியோடு நின்றுவிடுகிறார்கள். மிரட்டியவர் அதில் வென்றவராகிவிடுகிறார். மெக்கானிக் கொடுத்த பில்லையும் வசூல் நோட்டையும் சங்கக் கூட்டத்தில் வைத்து எல்லோரும் பார்க்கச் செய்யுங்கள். குற்றச்சாட்டு பொய் என்று தெரிந்தால், எழுதியவர் அதே குழுவில் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

படி 5: நோட்டீஸ் வந்தேவிட்டால்

வக்கீல் நோட்டீஸ் நீதிமன்ற உத்தரவு அன்று. ஆனாலும் அதைத் தூக்கிப் போடாமல், குறிப்பிட்ட நாளுக்குள் ஒரு வழக்கறிஞர் மூலம் பதில் தருவதே நல்லது. அதைப் படமெடுத்துக் குழுவில் போடுவது வீண் வம்பு. உயர் நீதிமன்ற வளாகத்திலேயே மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பினருக்கும் வருமான வரம்பின்றி அங்கே இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

நோட்டீஸில் அட்மின் பெயரும் இருந்தால் கலங்க வேண்டாம். அட்மினாக இருந்ததைத் தவிர வேறு பங்கு இல்லையென்றால் அவர் பெயரைக் குற்றப்பத்திரிகையிலிருந்து நீக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-இல் ஒரு வாட்ஸ்அப் குழு வழக்கில் கூறியிருக்கிறது. ஆகவே, சர்ச்சைக்குரிய பதிவுக்குக் கைதட்டும் எமோஜிகூடப் போடாமல் இருங்கள்.