லாரிக்கு டீசல் பம்ப் மாற்றும் முன்

எங்களிடம் மூன்று வண்டிகள். இரண்டு பழைய லேலண்ட், ஆறு சிலிண்டர், இன்லைன் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் தள்ளும் பாகங்கள் ஒரே வரிசையில் இருக்கும் வகை). ஒன்று 2021இல் எடுத்த பி.எஸ்.6, அதாவது புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டி. சங்ககிரியில் அப்பா காலத்திலிருந்து இதே தொழில்தான். அவருக்குப் பிறகு கணக்கும் ஸ்பேர் வாங்குவதும் என் பொறுப்பு. வண்டிக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், எந்தக் கடையில், என்ன மாற்றினோம் என்று எழுதிவிடுவேன். பம்ப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த நோட்டுகளில் இருந்து வந்தது.

2019இல் ஒரு நாள் டிரைவர் போன் செய்தார். "அக்கா, தொப்பூர் ஏத்தத்துல வண்டி இழுக்கலைங்க. ரெண்டாவது கியர்லயே ஊருது." பெங்களூருக்கு சிமெண்ட் லோடு. திரும்பி வந்ததும் கடையில் ஃபீட் பம்ப் (தொட்டியிலிருந்து டீசலை உறிஞ்சி மெயின் பம்ப்புக்குத் தள்ளுவது) போய்விட்டது என்றார்கள், மாற்றினோம். இரண்டு டிரிப் கழித்து மறுபடி அதே கதை. அடுத்து, மெயின் பம்ப்பையே இறக்க வேண்டும் என்றார்கள். இறக்கி, ஆறு எலிமெண்ட்டும் (சிலிண்டருக்கு ஒன்றாக டீசலை அழுத்தித் தள்ளும் பிளஞ்சரும் அது ஓடும் பேரலும்) மாற்றி, 38,000 ரூபாய் கொடுத்து ஏற்றினோம். அப்போதும் தொப்பூரில் வண்டி ஊர்ந்தது.

கடைசியில் திருச்செங்கோட்டில் ரிக் (போர்வெல் போடும்) வண்டிகளுக்குப் பம்ப் பார்க்கும் ஒரு அண்ணனிடம் போனேன். அவர் ஸ்பானரை எடுக்கும் முன் ஒரு இருபது லிட்டர் கேனில் சுத்தமான டீசல் ஊற்றிக் கேட்டார். தொட்டியிலிருந்து வரும் பைப்பைக் கழற்றி, ஃபீட் பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்தை அந்தக் கேனில் விட்டார். வண்டி பழையபடி இழுத்தது. தொட்டிக்குள் உறிஞ்சும் குழாயின் அடியில் இருந்த சல்லடையில் கருப்பாகக் களிம்பு படிந்து பாதிக்கு மேல் அடைத்திருந்தது. நல்லாயிருந்த ஒரு பம்ப்பை நாங்கள் பிரித்துப் போட்டிருக்கிறோம். அந்த வருத்தம் இன்னும் எனக்குப் போகவில்லை.

அதனால் பம்ப் வாங்க வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால், முதலில் கேன் வைத்துப் பார்த்தீர்களா என்றுதான் கேட்பேன். கேனில் நன்றாக ஓடி, தொட்டியில் ஓடவில்லை என்றால் கோளாறு பம்ப்பில் இல்லை. சல்லடை, தொட்டி மூடியின் காற்றுத் துளை, சேஸிஸ் மேல் உரசி ஓட்டை விழுந்த பைப், பழசாகி இறுகிய காப்பர் வாஷர், இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஃபில்டருக்கு முன் உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் டியூப் ஒரு அடி மாட்டினால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

இன்லைன் பம்ப்பில் இன்னொரு சின்ன சாமான் உண்டு. மிச்ச டீசல் ரிட்டர்ன் போகும் இடத்தில் இருக்கும் ஓவர்ஃப்ளோ வால்வு. உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் குண்டும்தான். ஸ்பிரிங் தளர்ந்தால் டீசல் முழுக்கத் திரும்பி ஓடிவிடும், பம்ப்புக்குள் அழுத்தம் நிற்காது, லோடில் இழுவை போகும். சில நூறு ரூபாய் சாமான். இதைப் பார்க்காமலே ஃபீட் பம்ப்பை மாற்றச் சொல்பவர்கள் நிறைய. ஃபில்டருக்குப் பிறகு ஒரு கேஜ் மாட்டி அழுத்தம் பாருங்கள். பெரும்பாலான இன்லைன் பம்ப்களில் ஒன்றிலிருந்து இரண்டரை பார் வரை காட்டும். உங்கள் எஞ்சின் மேனுவலில் உள்ள அளவே கணக்கு. ரேஸ் கொடுக்கும்போது முள் கீழே விழக்கூடாது.

பம்ப் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் வேறு அடையாளங்கள் தெரியும். எஞ்சின் ஆயில் அளவு தானாக ஏறும், ஆயில் குச்சியில் டீசல் வாடை வரும். பம்ப்பின் ஷாஃப்ட் சீல் அல்லது ஃபீட் பம்ப் வழியாக டீசல் ஆயிலில் இறங்குகிறது என்று அர்த்தம். இதை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள், பேரிங் போய்விடும். சின்ன வண்டிகளின் ரோட்டரி பம்ப் (எல்லா சிலிண்டருக்கும் ஒரே பாகம் சுழன்று டீசலைப் பகிரும் வகை) தேய்ந்தால் காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும், சூடான பிறகு நிறுத்தினால் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்கும். ஈரத்துணியைப் பம்ப் மேல் சுற்றி ஆறவிட்டுப் பார்த்து, அப்போது ஸ்டார்ட் ஆனால் பம்ப்பைச் சந்தேகப்படலாம். குளிர்ந்த தண்ணீரை நேராக ஊற்ற வேண்டாம். சூடான உலோகம் திடீரென்று சுருங்கி உள்ளே பிடித்துக்கொள்ளும்.

சரி, மாற்றியே ஆக வேண்டும் என்று தெரிந்துவிட்டது. கடைக்குப் போகும் முன் பழைய பம்ப்பின் பிளேட்டைத் துடைத்து போட்டோ எடுங்கள். பாஷ் பம்ப்பில் பத்து இலக்க எண் இருக்கும். (எங்கள் பக்கம் இன்னும் மைக்கோ என்றுதான் சொல்கிறோம். 2008இல்தான் பெயர் பாஷ் லிமிடெட் ஆனது.) அந்த எண்ணோடு பி.இ.எஸ்.6ஏ95 என்பது போல ஒரு வரியும் இருக்கும். 6 என்றால் ஆறு சிலிண்டர், ஏ என்றால் பம்ப்பின் அளவு, 95 என்றால் பிளஞ்சர் 9.5 மில்லிமீட்டர். பின்னால் வரும் எழுத்துகளில் ஆர் அல்லது எல் என்பது சுழலும் திசை. "உங்க வண்டிக்கு இது போதும்" என்று கடையில் சொன்னால் இந்த வரியை வைத்து ஒப்பிடுங்கள். போல்ட் பொருந்தினால் பம்ப் பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை.

ஃபீட் பம்ப்பிலும் இதே சிக்கல் உண்டு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மூன்று ஸ்டட்டிலும் உட்காரும், ஆனால் கேம் பட்டு உள்ளே தள்ளும் டேப்பெட் என்ற துண்டின் நீளம் வேறாக இருக்கும். ஒருபுறம் மட்டும் தள்ளும் வகையும் உண்டு, இருபுறமும் தள்ளும் வகையும் உண்டு. 180 குதிரைத்திறன் எஞ்சின் முழு லோடில் மணிக்குச் சுமார் 35 லிட்டர் எரிக்கும். ஃபீட் பம்ப் அதற்கு மேலேயும் கொடுக்க வேண்டும். அந்த மிச்சம்தான் சூட்டையும் காற்றையும் எடுத்துக்கொண்டு தொட்டிக்குத் திரும்புகிறது. குறைவாகத் தள்ளும் பம்ப் வெறும் வண்டியில் நன்றாக இருப்பது போலத் தெரியும், லோடு ஏற்றியதும் காட்டிக்கொடுக்கும்.

எதில் சிக்கனம் பார்க்கலாம், எதில் கூடாது என்று எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஃபீட் பம்ப், கைப் பிரைமர் (கையால் அழுத்திக் காற்றெடுக்கும் சின்ன பம்ப்), ஃபில்டர் ஹவுசிங் போன்றவற்றில் பெயர் உள்ள வேறு கம்பெனி சாமான் போட்டிருக்கிறேன், பிரச்சினை வரவில்லை. எலிமெண்ட், டெலிவரி வால்வு (பம்ப்பிலிருந்து டீசல் வெளியேறும் வால்வு), நாசில் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் முனை) மூன்றிலும் பாஷ், டெல்ஃபை டி.வி.எஸ். என்று அந்தப் பம்ப்பைச் செய்த கம்பெனி சாமானைத் தவிர வேறு வாங்குவதில்லை. பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவே இடைவெளி சில மைக்ரான்தான். அந்தத் துல்லியத்தைப் பாதி விலைக்கு யாரும் செய்து தர முடியாது. டீலரிடம் பில்லோடு வாங்குங்கள், பெட்டி மேல் இருக்கும் எண்ணும் சாமான் மேல் பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பில் இல்லாமல் "ஆர்ஜினல்தாங்க" என்று கையில் கொடுப்பதைத் தொடவே தொடாதீர்கள்.

முழுப் பம்ப்பையும் ரீகண்டிஷனில், அதாவது பழையதைச் சரிசெய்ததாக, எடுப்பது தப்பில்லை. எங்கள் இரண்டாவது வண்டியில் அதுதான் நான்கு வருடமாக ஓடுகிறது. ஆனால் டெஸ்ட் ஷீட் இல்லாமல் எடுக்கக் கூடாது. பம்ப்பை மோட்டாரில் சுற்றிச் சோதிக்கும் பெஞ்சில் ஏற்றி, ஐ.எஸ்.ஓ. 4113 டெஸ்ட் ஆயிலில், சுமார் 40 டிகிரி சூட்டில், பல வேகங்களில் ஆயிரம் ஸ்ட்ரோக்குக்கு ஒவ்வொரு சிலிண்டரும் எத்தனை சி.சி. கொடுக்கிறது என்று எழுதித் தர வேண்டும். பக்கத்திலேயே கம்பெனி சொன்ன அளவும் இருக்க வேண்டும். பெஞ்சில் சொல்வது பம்ப்பின் ஆர்.பி.எம்., எஞ்சினுடையதில் பாதி. இதைத் தெரிந்துகொண்டு போனால் பேச்சு சுலபம். ஆறு எண்களில் ஒன்று மட்டும் கூடவோ குறையவோ இருந்தால் காரணம் கேளுங்கள். நான் பெஞ்ச் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவேன். முதலில் ஒரு மாதிரி பார்த்தார்கள், இப்போது அவர்களே கூப்பிட்டுக் காட்டுகிறார்கள். காலிபரேஷன் (டீசல் அளவைச் சரிசெய்வது) முடிந்ததும் அந்த அளவை மாற்றும் ஸ்க்ரூவில் சீல் வைத்துத்தான் தர வேண்டும். இழுவை போதவில்லை என்று டிரைவரோ மெக்கானிக்கோ அந்த சீலை உடைத்துத் திருகினால் புகையும் டீசல் செலவும் ஏறும், கேரண்டியும் போய்விடும்.

பி.எஸ்.6 வண்டியின் கணக்கு வேறு. அதில் ரெயிலில் (எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் கொடுக்கும் பொதுக் குழாய்) 1,600 பார், 2,000 பார் என்று அழுத்தம் நிற்கிறது, பம்ப்புக்கு உள்ளே டீசலேதான் எண்ணெய். டீசலில் சல்ஃபர் 10 பி.பி.எம்.முக்குக் கீழே வந்துவிட்டது. சல்ஃபரை எடுக்கும்போது டீசலின் இயல்பான வழவழப்பும் குறைவதால் எண்ணெய்க் கம்பெனிகள் அதற்கென்று சேர்மானம் கலந்து விற்கின்றன. மலிவாகக் கிடைக்கிறது என்று கேனில் விற்பதை ஊற்றினாலோ மண்ணெண்ணெய் கலந்தாலோ முதலில் சாவது இந்தப் பம்ப்தான். அது தேய்ந்து போனால் இரும்புத்தூள் ரெயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் போய், ரிட்டர்ன் வழியாகத் தொட்டிக்கும் வரும். ஃபில்டரை அறுத்துப் பிரித்து, அடியில் நிற்கும் டீசலை வெளிச்சத்தில் பாருங்கள். மினுமினு என்று தூள் இருந்தால் பம்ப் மட்டும் மாற்றுவது காசைக் கரியாக்குவது. தொட்டி, பைப், ரெயில் எல்லாம் சுத்தம் செய்து, இன்ஜெக்டரை டெஸ்ட் செய்த பிறகுதான் புதுப் பம்ப். இன்ஜெக்டர் மாற்றினால் அதன் மேல் உள்ள குறியீட்டு எண்ணை ஸ்கேனர் வைத்து எஞ்சின் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஸ்கேனர் இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

எலக்ட்ரிக் லிஃப்ட் பம்ப் (தொட்டியிலிருந்து டீசலைத் தள்ளிக் கொடுக்கும் மின் பம்ப்) தனியாக மாட்டலாமா என்று எங்கள் பையன் வீடியோ பார்த்துவிட்டுக் கேட்டான். அமெரிக்க பிக்கப்களில் அது பெரிய வியாபாரம். டுராமேக்ஸ் எஞ்சின் வண்டிகளில் 2016 வரை லிஃப்ட் பம்ப் இல்லாமல் மெயின் பம்ப்தான் தொட்டியிலிருந்து உறிஞ்சியது, அதனால் ஃபாஸ், ஏர்டாக் என்ற கம்பெனிகளின் லிஃப்ட் பம்ப்பை வாங்கி மாட்டுகிறார்கள். நம் லாரிகளில் பம்ப்போடு சேர்ந்தே ஃபீட் பம்ப் வருகிறது. அதற்கு முன்னால் இன்னொன்று வைத்துத் தள்ளினால் சீலுக்குக் கேடு. அந்தக் காசுக்கு டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் நல்ல வாட்டர் செபரேட்டர் மாட்டுங்கள், அதில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்து விடுங்கள்.

மாட்டும் நாளில் நான் பக்கத்தில் நின்று பார்ப்பது மூன்று. ஃபில்டர்கள் புதிதாக இருக்க வேண்டும். இன்லைன் பம்ப் என்றால் ஸ்டார்ட் செய்யும் முன் அதன் கேம் பக்கத்தில் ஆயில் ஊற்ற வேண்டும், டைமிங் மார்க் சேர வேண்டும். எந்தப் பம்ப்பாக இருந்தாலும் கைப் பிரைமரில் காற்றெல்லாம் எடுத்த பிறகுதான் செல்ஃப் அடிக்க வேண்டும். காய்ந்த பம்ப்பைச் சுற்றவிட்டால் புதுசு அன்றைக்கே கீறிவிடும்.

பழைய பம்ப்பை எக்ஸ்சேஞ்சுக்கு அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். காசு கொஞ்சம் பிடித்துக்கொண்டு, "லோடு ஏற்றி ஒரு டிரிப் போய் வரட்டும்" என்று சொல்லுங்கள். எங்கள் செட்டில் பழையது கோணியில் சுற்றி வைத்திருக்கும். டிரைவர் தொப்பூர் ஏறி, தர்மபுரியில் டீ குடிக்க நிறுத்தி, "நல்லா இழுக்குதுங்கக்கா" என்று போன் செய்த பிறகுதான் அது கடைக்குப் போகும்.