ஸ்பீக்கர் 'உம்ம்' என்றால் எர்த் பின்னில் கை வைக்காதீர்கள்

ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்தால் பாட்டுக்கு முன்னாலேயே 'உம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். யாரைக் கேட்டாலும், "எர்த் பின்னைக் கழற்றிவிடு, போய்விடும்" என்பார்கள். போகத்தான் செய்யும், அதுதான் வம்பே. நாளைக்கு உள்ளே ஃபேஸ் ஒயர் நழுவி உலோகப் பெட்டியைத் தொட்டால் எம்சிபி (கோளாறு வந்தால் தானாக விழும் பாதுகாப்பு ஸ்விட்ச்) விழாது, பெட்டியில் 230 வோல்ட் சத்தமில்லாமல் நிற்கும், தொடுகிறவருக்குத்தான் தெரியும். பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாக இருப்பது சும்மா இல்லை. சொருகும்போது முதலில் சேர்ந்து, உருவும்போது கடைசியாகப் பிரிய வேண்டும் என்றுதான். இதைவிட மோசம், சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைப்பது. நியூட்ரல் எங்காவது அறுந்தால் பெட்டி முழுக்கக் கரண்ட்.

அடுத்த தவறு நான் செய்தது. செட்-டாப் பாக்ஸிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிளை விலை கூடியதாக இரண்டு முறை மாற்றினேன், உறுமல் அப்படியே இருந்தது. கடைசியில் செட்-டாப் பாக்ஸின் பின்னால் கேபிள் டிவி ஒயரைக் கழற்றியதும் வீடே அமைதி! அந்த ஒயரின் வெளிவலை (உள்கம்பியைச் சுற்றியுள்ள உலோக வலை) வேறெங்கோ எர்த் ஆகியிருக்கிறது, நம் ஆம்ப்போ வீட்டு எர்த்தில் இருக்கிறது; இரண்டுக்கும் இடையே உள்ள சின்ன வோல்டேஜ் வித்தியாசத்தால் ஆர்சிஏ கேபிளின் வெளிவலையில் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஓடுகிறது. பாட்டின் சிக்னல் திரும்புவதும் அதே வலை வழியாகத்தான், அப்புறம் கலக்காமல் என்ன செய்யும்?

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ஆம்ப்பை அணைத்து, எல்லா இன்புட்டையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். அப்போதும் இரைந்தால் கோளாறு ஆம்ப்புக்குள். பழைய செட்டாக இருந்தால் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் ஃபில்டர் கெப்பாசிட்டர் மேல்தான் என் முதல் சந்தேகம். அமைதியானால் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள், குற்றவாளி தானாக மாட்டும்.

வெட்ட வேண்டியது எர்த்தை அல்ல, சிக்னல் கேபிளில் அந்தக் கரண்ட் ஓடும் வழியை. டிவியிலிருந்து ஆம்ப்புக்கு ஆப்டிகல் கேபிள் போட்டால் போவது வெளிச்சம் மட்டும், கரண்டுக்கு அங்கே வழியில்லை. ஆர்சிஏதான் என்றால் நடுவில் ஒரு ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்; சிக்னலை விட்டு, ஒயர்த் தொடர்பை மட்டும் அறுத்துவிடும். எல்லாக் கருவியையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகுவதும் பல வீடுகளில் கை கொடுக்கும். ரெக்கார்டு பிளேயர் வைத்திருப்பவர்கள் அதன் மெல்லிய எர்த் ஒயரை ஆம்ப்பின் பின்னால் உள்ள திருகில் மாட்டியாயிற்றா என்று முதலில் பாருங்கள், பாதிப் பேர் அதைத் தொங்கவிட்டுத்தான் புலம்புகிறார்கள்.